தீவிலிருந்து உள்மடத்துக்கு

ஜெனரல் லூனா, சியார்காவ் தீவு
ஆகஸ்ட் 20

அன்புத் தங்கை ஜெனிலுவுக்கு,

உறையின் மேல் உன் மடத்துப் பெயரை, சகோதரி மரிய பியா என்று, ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறேன். உள்ளே எழுதும்போது மட்டும் அந்தப் பெயருக்குக் கை வரமாட்டேன் என்கிறது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால்தான் தொல்லை. பூசைக்குப் போகும்போது மட்டும் அது வலிப்பதில்லை.

முதலில் செய்தி. செபு வேலையை விட்டுவிட்டேன். ஒன்பது வருடம் அந்த ஏழாவது மாடியில் குளிரில் உட்கார்ந்து, யாரோ வாங்கிய பழுதான துணி துவைக்கும் இயந்திரத்துக்குத் தொலைபேசியில் நான் மன்னிப்புக் கேட்டது போதும். இப்போது வீட்டிலிருந்தே வேலை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் ஒரு கால்நடை மருத்துவமனை. அங்கே அடிக்கும் தொலைபேசியை இங்கே நான் எடுக்கிறேன். உன் அறைதான் என் அலுவலகம். உன் கட்டிலை நகர்த்தவில்லை, அதற்கும் சன்னலுக்கும் நடுவில் ஒரு மேசை போட்டிருக்கிறேன். பெர்த்துக்கும் நமக்கும் ஒரே நேரம். அவர்களுக்குக் காலை எட்டு என்றால் எனக்கும் எட்டு. நாலரைக்கு முடித்தால் ஐந்து மணிக்கு நான் தண்ணீரில்.

ஆமாம், தண்ணீரில். முப்பத்து நாலு வயதில் அலைப்பலகை மேல் நிற்கக் கற்றுக்கொள்கிறேன். எதிர்வீட்டு நோனாய் சொல்லித் தருகிறாள். அவள் இப்போது வெளிநாட்டுக்காரர்களுக்கெல்லாம் ஆசிரியை. "அவங்க விழுந்தா நான் சிரிக்க முடியாதுக்கா, காசு குடுத்திருக்காங்க. உங்ககிட்ட காசு வாங்கல, அதனால நல்லா சிரிச்சுக்குவேன்" என்றாள். சொன்னபடியே செய்கிறாள்.

வேலையில் ஒரே ஒரு நிபந்தனை. நான் எங்கே இருக்கிறேன் என்று கூப்பிடுகிறவர்களிடம் சொல்லக்கூடாது. என் பெயர் ரோஸ். பெர்த்தில் வெயிலா மழையா என்று திரையின் மூலையில் தெரியும், அதைப் பார்த்துத்தான் பேச வேண்டும். போன வாரம் நம் சேவல் சன்னலுக்கு வெளியே நின்று கூவிவிட்டது. "அது என்ன, சேவலா?" என்று ஒரு அம்மாள் கேட்டாள். "ஆமாங்க, வைத்தியத்துக்கு வந்திருக்கு" என்றேன். "பாவம், குரல் நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

அம்மா கேட்கச் சொன்ன கேள்வி: ஆயுள் முழுக்க மடத்திலேயே இருப்பேன் என்று நீ சொல்லப்போகும் நித்திய வார்த்தைப்பாடு எந்தத் தேதியில்? நீ உள்ளே போய் ஆறு வருடம் முடிந்துவிட்டது, இந்த வருடம்தானே என்கிறாள். கப்பலில் வருவதற்கு உறவுக்காரர்கள் பதினோரு பேர் இப்போதே தயார். தேதி மட்டும்தான் பாக்கி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ரிசலின்


உள்மடம், செபு
செப்டம்பர் 24

அன்பு அக்காவுக்கு,

இறைவனின் சமாதானம் உன்னோடும் அம்மாவோடும் இருப்பதாக. நான் சுகம். மாதத்துக்கு ஒரு கடிதம்தான் எங்களுக்கு. போன மாதத்துக் கடிதம் உன்னுடையது வருவதற்கு முன்பே அம்மாவுக்குப் போய்விட்டது. அதனால்தான் தாமதம்.

மாலையில் எங்களுக்குப் பேச அனுமதியுள்ள ஒரு மணி நேரத்தில் சேவல் கதையைச் சொன்னேன். பதினான்கு பேரும் சிரித்தார்கள். எங்கள் மடத்துத் தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மறுநாள் பாத்திரம் கழுவும்போது, பேசக்கூடாத நேரத்தில், ஒரு வயதான சகோதரி என் பக்கம் திரும்பி மெதுவாகக் கூவினார்.

நான் இன்னும் பூசையில் கொடுக்கும் அப்பம் சுடும் வேலையில்தான் இருக்கிறேன். நாற்பது கோயில்களுக்கு இங்கிருந்துதான் போகிறது. காலை முழுக்க இரும்புத் தட்டின் முன்னால்.

உன் வேலையைப் பற்றி எனக்குச் சரியாகப் புரியவில்லை. தொலைபேசியை எடுத்ததும் முதலில் வணக்கம் சொல்வாயா, மருத்துவமனையின் பெயரைச் சொல்வாயா? கூப்பிடுகிறவர்கள் அழுதால் என்ன செய்வாய்? அவர்களைப் பேச விட்டுக் கேட்டுக்கொண்டிருக்க நேரம் தருவார்களா, அல்லது சீக்கிரம் முடிக்க வேண்டுமா? ஒரு நாளைக்கு எத்தனை பேர்? நேரம் இருக்கும்போது விவரமாக எழுது.

அம்மாவின் முழங்காலுக்காக வேண்டிக்கொள்கிறேன். உப்பு வென்னீர் ஒத்தடம் கொடு.

ஆண்டவரில் உன்,
சகோதரி மரிய பியா


ஜெனரல் லூனா
அக்டோபர் 15

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்த அன்று அம்மா அதைக் கோயிலுக்கு எடுத்துப் போய்விட்டாள். யாருக்கும் படித்துக் காட்டுவதில்லை. கைப்பையிலிருந்து பாதி வெளியே தெரியும்படி வைத்துக்கொள்வதோடு சரி. முதல் வரிசையில் இடது ஓரம் இப்போது அவள் இடம். "சிஸ்டரோட அம்மா வராங்க, நகருங்க" என்று யாராவது சொல்லும் வரை நின்றுகொண்டே இருப்பாள். இருவரும் சுகம்.

இது பெரிய அலைக்காலம். அலைச்சறுக்குப் போட்டிக்கு எங்கிருந்தெல்லாமோ வந்து குவிந்திருக்கிறார்கள். ஒவ்வொரு மோட்டார் சைக்கிளின் விலாவிலும் ஒரு பலகை தொங்குகிறது. காபிக் கடைகளில் மேசைக்கு மேசை மடிக்கணினி. சட்டை போடாமல் உட்கார்ந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஏதோ ஒரு நாட்டு முதலாளியோடு வெகு மரியாதையாகப் பேசுகிறார்கள். கேமரா கழுத்துக்கு மேலேதான் காட்டும் என்பதால் ஒருவன் மேலே கோட்டும் கீழே நீச்சல் கால்சட்டையுமாக இருந்தான். நானும் அவர்களும் செய்வது ஒரே தொழில். அவர்கள் அலைக்காக இங்கே வந்தவர்கள், நான் பிறந்ததே இங்கே. அவ்வளவுதான் வித்தியாசம். நேற்று நான் நின்றேன், ஜெனிலு! நாலு மூச்சு நேரம் நின்றேன். நோனாய் சிரிக்க மறந்துவிட்டாள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். முதலில் காலை வணக்கம், பிறகு மருத்துவமனையின் பெயர், பிறகு "நான் ரோஸ்". அழுதால் அழ விடுவேன். நாய் செத்துப் போனவர்களை அவசரப்படுத்தச் சட்டமில்லை. டாக்டர் பெவர்லி, அதாவது முதலாளியம்மாள், அதில் நல்ல மாதிரி.

தினமும் கூப்பிடுகிறவர் ஒருவர் இருக்கிறார். டிரான்டர் என்று பெயர், எழுபத்தெட்டு வயது. அவர் நாய் மேபலுக்குச் சர்க்கரை வியாதி. காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு ஊசி போட வேண்டும். இதுவரை மனைவி போட்டாள், அவள் ஜூனில் இறந்துவிட்டாள். "எப்படிப் போடணும்னு தெரியும் ரோஸ். ஆனா யாராவது கூட இருந்தாத்தான் கை நிக்குது" என்கிறார். நான் கூட இருக்கிறேன். தோலைத் தூக்குங்கள், மூச்சு விடுங்கள், குத்துங்கள் என்று சொல்கிறேன். இரண்டு நிமிடம். பிறகு வானிலை பேசுவோம். அங்கேதான் எனக்குக் குற்றவாளி மாதிரி இருக்கும்.

தேதி எழுதவில்லையே நீ? அம்மா கேட்டாள்.

உன் அக்கா,
ரிசலின்


உள்மடம், செபு
நவம்பர் 19

அன்பு அக்காவுக்கு,

சமாதானம். நான் சுகம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். இதற்குப் பிறகு திருவருகைக் காலம் என்பதால் கிறிஸ்துமஸ் வரை எழுதவும் மாட்டோம், வரும் கடிதங்களைப் பிரிக்கவும் மாட்டோம்.

நீ நாலு மூச்சு நேரம் நின்றதற்காகத் தனியாக ஒரு நன்றி செபம் சொன்னேன்.

இங்கே ஒரு சின்ன மாற்றம். வாயிலைப் பார்த்துக்கொள்ளும் சகோதரிக்குக் காய்ச்சல் வந்ததால் ஒன்பது நாள் என்னை அங்கே வைத்தார்கள். வாயில் என்றால் கதவு இல்லை. சுவரில் ஒரு சுழலும் மரப்பெட்டி. வெளியே நிற்பவர்கள் அதில் எதையாவது வைத்துச் சுற்றினால் என் பக்கம் வரும். முகம் தெரியாது, குரல் மட்டும்தான். முட்டை கொண்டு வருவார்கள், செபக் குறிப்பு எழுதி வைப்பார்கள். சிலர் ஒன்றும் வைக்காமல் பேசுவார்கள். ஒரு பெண் தன் மகனைப் பற்றி நெடுநேரம் பேசினாள். நான் "ம்" என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை. போகும்போது, "சிஸ்டர், நாளைக்கும் நீங்கதான இருப்பீங்க?" என்று கேட்டாள்.

இப்போது மறுபடி அப்பம் சுடுகிறேன்.

திரு. டிரான்டருக்கும் மேபலுக்கும் வேண்டிக்கொள்கிறேன். கட்டிலை நகர்த்தவில்லை என்று எழுதியிருந்தாயே, மெத்தையை அவ்வப்போது வெயிலில் போடுகிறாயா? மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

ஆண்டவரில்,
சகோதரி மரிய பியா


ஜெனரல் லூனா
டிசம்பர் 28

அன்புத் தங்கைக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். அம்மா உனக்காகத் தேங்காய்ச் சாதம் கிண்டி, நீ சாப்பிட முடியாது என்று தெரிந்தும் ஒரு வாழையிலையில் தனியாக எடுத்து வைத்தாள். மறுநாள் நான் சாப்பிட்டேன். எல்லாரும் சுகம். எழுத ஏராளம் இருக்கிறது.

இந்த மாதம் இரண்டாம் வாரம் நாலு நாள் மழை. இரண்டாம் நாள் விடியும்போது மின்சாரம் இல்லை, இணையம் இல்லை, கைபேசிக் கோபுரமும் செத்துவிட்டது. மணி ஏழே முக்கால். மற்ற அழைப்புகளைப் பெர்த்தில் யாராவது எடுப்பார்கள். ஆனால் எட்டு பத்து? அந்த மனிதர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். முந்தின வாரம் ஒரு நாள் நான் விடுப்பு எடுத்தபோது ஊசி போட முடியாமல் மேபல் சோர்ந்து விழுந்திருந்தது.

நோனாயின் வண்டியில் ஏறினேன். சாலையில் முழங்கால் தண்ணீர். "அக்கா, பலகையிலயே போயிருக்கலாம்" என்று கத்திக்கொண்டே ஓட்டினாள். கடற்கரை ஓரத்தில் மடிக்கணினிக்காரர்களுக்கென்று ஒரு கூடம் கட்டியிருக்கிறார்களே, அங்கே சொந்த ஜெனரேட்டரும் வானத்திலிருந்து நேராக வாங்கும் இணையமும் உண்டு. நான் ஒருநாளும் உள்ளே போனதில்லை. சொட்டச் சொட்ட நின்றேன். வரவேற்பில் பக்கத்து டாபா ஊர்ப் பெண் ஒருத்தி. "அக்கா, வெளியாளுக்கு மட்டும்னு இங்க ஒண்ணும் எழுதி வைக்கல. போய் உக்காருங்க" என்றாள்.

எட்டு ஒன்பதுக்கு இணைந்தேன். எட்டு பத்துக்கு அடித்தது.

"ரோஸ்?"

"இங்கேதான் இருக்கேன். தோலைத் தூக்கிட்டீங்களா?"

அந்த நேரம் பார்த்து ஒருவன் பலகையோடு உள்ளே ஓடி வந்து, "பாறை மேல பதினஞ்சு அடி அலை! கிளம்புங்கடா!" என்று கத்தினான். கூடமே எழுந்து ஆரவாரம் செய்தது.

"பதினஞ்சு அடியா?" என்றார் டிரான்டர். "எங்கே? என் வீடு கடலைப் பார்த்துத்தான் இருக்கு. இங்க குளம் மாதிரி கிடக்கே."

சொல்வதற்கு என்னிடம் ஏதாவது பொய் இருந்திருக்கும். வானொலி என்றிருக்கலாம். அது நாக்கு நுனி வரை வந்தது.

"நான் பெர்த்ல இல்லைங்க. பிலிப்பைன்ஸ்ல, சியார்காவ்னு ஒரு தீவுல இருக்கேன். என் பேர் ரோஸும் இல்லை. ரிசலின்."

 மறுமுனையில் மேபல் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

"அங்க இப்ப மணி என்ன?"

"உங்களுக்கு என்னவோ அதேதான். எட்டு பன்னிரண்டு."

"அப்ப நேரமாச்சு. போட்டுறலாம், ரிசலின்."

அவர் நல்ல மனிதர். ஆனால் மறுநாள் மருத்துவமனைக்குப் போய்க் காத்திருந்த கூட்டத்துக்கு நடுவில் என்னைப் பெருமையாகப் பேசிவிட்டார். டாக்டர் பெவர்லி கூப்பிட்டார். "உங்கிட்ட ஒரே ஒரு விஷயம்தான் கேட்டிருந்தேன்" என்றார்.

"ஆமா டாக்டர். அதை நான் மீறிட்டேன். ஆனா நாளையிலருந்து எடுக்கும்போது என் பேரைச் சொல்லித்தான் எடுப்பேன். வேண்டாம்னா வேற ஆள் பாருங்க."

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று கேட்காதே.  இரண்டு நாள் ஒரு அழைப்பும் வரவில்லை. அம்மாவிடம் கம்பி இன்னும் சரியாகவில்லை என்று சொன்னேன். மூன்றாம் நாள் எட்டு மணி ஒரு நிமிடத்துக்கு அடித்தது. திரையில் ரோஸ் என்றிருந்த இடத்தில் ரிசலின் என்றிருந்தது. 

மெத்தையைப் போன வாரம் வெயில் அடித்த ஒரே நாளில் காயப் போட்டேன். தேதி, ஜெனிலு. மூன்றாவது முறை கேட்கிறேன்.

உன் அக்கா,
ரிசலின்


உள்மடம், செபு
ஜனவரி 21

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருங்கள்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். மற்றவற்றை மாலை நேரத்தில் சகோதரிகளுக்குச் சொன்னேன். நீ டாக்டரிடம் பேசியதை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

அதைச் சொல்வதற்கு முந்தின நொடியில் உனக்கு எப்படி இருந்தது? எதிரில் இருப்பவர் நல்லவர், நம்மிடம் அன்பாகவே இருந்தவர், அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அப்படிப்பட்டவரிடம் முடியாது என்று எப்படி ஆரம்பித்தாய்? அந்த இரண்டு நாளில் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு தடவையாவது நினைத்தாயா? உண்மையாக எழுது.

மழை விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
ஜெனிலு


ஜெனரல் லூனா
பிப்ரவரி 8

அன்புத் தங்கைக்கு,

இருவரும் சுகம். அடுத்த வாரம் சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கிவிட்டால் நீ கடிதம் பிரிக்க மாட்டாய். அதற்குள் உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று நோனாய் மூலம் சுரிகாவ் துறைமுகத்துக்குப் போகும் காலைப் படகில் கொடுத்து அனுப்புகிறேன்.

உன் கடிதத்தை அம்மா கண்ணாடி தேடி எடுத்து வருவதற்குள் மடித்து உள்ளே வைத்துவிட்டேன். "என்ன எழுதியிருக்கா?" என்றாள். "உன்னைக் கேட்டதாச் சொல்லச் சொன்னா" என்றேன். அது பொய்யில்லை. கடிதத்தின் அடியில் இருந்த பெயரை நான் பார்த்தேன். அதைப் பற்றி ஒன்றும் கேட்கப் போவதில்லை.

நீ கேட்டதற்குப் பதில். முந்தின நொடியில் எப்படி இருந்தது என்றால், பலகை மேல் எழுந்து நிற்பதற்கு முன்னால் விழத்தான் போகிறோம் என்று தோன்றுமே, அதே மாதிரி. ஆரம்பிக்க அழகான வார்த்தை எதுவும் கிடைக்கவில்லை, அதனால் "ஆமா" என்று ஆரம்பித்தேன். அந்த இரண்டு நாளில் ஒரு தடவை இல்லை, இருபது தடவை நினைத்தேன், சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று. ஆனால் அந்த இரண்டு நாளும் நன்றாகத் தூங்கினேன். ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

வேறு செய்தி. டாக்டர் பெவர்லி பக்கத்து ஊரில் இன்னொரு மருத்துவமனை திறக்கிறார். இன்னொரு குரல் வேண்டும், ஜூனிலிருந்து. தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டார். பொறுமையாகக் கேட்கத் தெரிந்த ஒருவரை எனக்குத் தெரியும், வருவாளா என்று தெரியாது என்றேன். பெயர் சொல்லவில்லை. டாபாவுக்குப் போய் ஒரு நாற்காலி வாங்கி வந்தேன். இரண்டாவது மேசைக்கு இடம் வேண்டும் என்று கட்டிலைச் சுவர்ப் பக்கம் தள்ளியிருக்கிறேன்.

யாரும் வராவிட்டால் அந்த நாற்காலியில் துணி மடித்து வைத்துக்கொள்வேன். உன்னை நான் எதற்கும் அவசரப்படுத்தவில்லை. தவக்காலத்தில் பதில் எழுத முடியாது என்பதும் தெரியும். தேதி பற்றி இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை, கவனித்தாயா?

உன் அக்கா,
ரிசலின்


ஜெனரல் லூனா
ஏப்ரல் 16

ஜெனிலுவுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா? ஈஸ்டர் முடிந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. தினமும் அஞ்சலகத்துக்குப் போகிறேன். அங்கே இருப்பவர், "அலையும் இல்ல, கடிதமும் இல்ல, இன்னைக்கு எதுக்கு வந்தீங்க?" என்கிறார்.

நான் கெட்டிக்காரத்தனமாக நாற்காலி, கட்டில் என்றெல்லாம் எழுதி உன்னை ஒரு மூலையில் தள்ளிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. நீ அங்கேயே இருக்க நினைத்து, என் கடிதம் உனக்குத் தொந்தரவாகியிருந்தால் மன்னித்துக்கொள். அப்படியானால் தேதியை மட்டும் எழுது. பதினோரு பேரையும் குளிப்பாட்டிக் கூட்டி வருகிறேன். முதல் ஆளாக நான் நிற்பேன்.

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் நீ உள்ளே போன அன்று நான் வரவில்லை. வேலையில் விடுப்புத் தரவில்லை என்று சொன்னேன். தந்தார்கள், ஜெனிலு. அன்று முழுக்க நான் உன் மடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு ரொட்டிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். கோபம். அப்பா தவறிய பிறகு எனக்கு இருந்தது நீதான், உன்னையும் ஒரு சுவருக்குள் வைக்கிறார்களே என்று. கடைக்காரி மூன்று தடவை மேசையைத் துடைத்துவிட்டு, "யாருக்காகக் காத்திருக்கீங்க?" என்று கேட்டாள். "யாருக்கும் இல்ல" என்றேன். மணி அடித்தது கேட்டது. எழுந்து வரவில்லை.

யாரோ ஒரு கிழவரிடம் உண்மை சொன்னதைப் பெரிய வீரமாக உனக்கு எழுதினேன். உன்னிடம் இதை ஆறு வருடமாகச் சொல்லவில்லை.

நீ எங்கே இருந்தாலும் எனக்குச் சம்மதம். இதை முழு மனதோடு எழுதுகிறேன்.

ரிசலின்


உள்மடம், செபு
ஏப்ரல் 26

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம். இத்தனை நாளில் இதை இப்போதுதான் உண்மையாக எழுதுகிறேன்.

நீ என்னைத் தள்ளவில்லை. ஈஸ்டர் முடிந்ததும் உனக்கு எழுதுவதற்கு முன் வேறு ஒருவரிடம் பேச வேண்டியிருந்தது. அதற்கே இவ்வளவு நாள் ஆனது.

நித்திய வார்த்தைப்பாடு மே இருபதாம் தேதி என்று சென்ற ஜூலையிலேயே குறித்துவிட்டார்கள். நீ கேட்ட ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரியும். எழுதினால் பதினோரு பேரும் கிளம்பிவிடுவீர்கள், பிறகு என்னால் வாய் திறக்க முடியாது என்றுதான் எழுதவில்லை.

இங்கே எனக்கு யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை. என் விசுவாசமும் எங்கேயும் போகவில்லை. செபத்தில் நிற்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விருந்துக்கு வந்த வீட்டில் எல்லாரும் அன்பாக இருக்கிறார்களே என்று கிளம்பாமல் தங்கிவிட்டவளைப் போல ஒரு வருடமாக உணர்கிறேன். அந்த மரப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒன்பது நாள் உட்கார்ந்தபோதுதான் தெளிவானது. குரல் வந்தது, நான் பதில் சொன்னேன். அந்தப் பெண் நாளைக்கும் நீங்களா என்று கேட்டபோது, ஆமாம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? என்னை அழைத்தவர் என்னை அங்கே உட்கார வைக்கத்தான் அழைத்திருக்கிறார் போலிருக்கிறது. நான் கதவைத் தாண்டி ரொம்ப உள்ளே வந்துவிட்டேன்.

போன வாரம் தலைவியின் அறைக்குப் போனேன். அழகான வார்த்தை கிடைக்கவில்லை. நீ எழுதியது ஞாபகம் வந்து, "ஆமா மதர்" என்று ஆரம்பித்தேன். அவர் இன்னும் ஒன்றும் கேட்கவே இல்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "நீ போறதுக்கு நான் அழமாட்டேன்னு நினைக்காத. அழுவேன். அது என் பாடு, நீ அதைத் தூக்கிட்டுப் போகாத" என்றார். பிறகு, "வெளிய போட்டுக்கத் துணி இருக்கா உனக்கு?" என்று கேட்டார். அப்போதுதான் நான் அழுதேன்.

ரொட்டிக் கடையைப் பற்றி: அன்று உள்ளே நுழையும்போது நான் மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன். நீ அவ்வளவு பக்கத்தில் இருந்தாய் என்று இப்போது தெரிந்ததில் எனக்குக் கோபமே வரவில்லை. சந்தோஷமாக இருக்கிறது.

அம்மாவிடம் சொல்வதுதான் என்னால் முடியாதது. மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். நாலாவதை இதனுடன் வைத்திருக்கிறேன். நீ எதுவும் சொல்லாதே, அவள் கையில் மட்டும் கொடு. முதல் வரிசை ஓரத்து இடத்தை அவளிடமிருந்து நான்தான் பறிக்கிறேன். அதற்காக அவள் என்னைப் பார்க்க மாட்டேன் என்றாலும் நான் வருவேன். நோனாய் வீட்டில் தங்கிக்கொள்கிறேன்.

உன்,
ஜெனிலு


ஜெனரல் லூனா
மே 7

மகள் ஜெனிலுவுக்கு அம்மா எழுதுவது.

நான் சுகம். உன் அக்காவும் சுகம், ஆனால் அவளோடு நான் நாலு நாளாகப் பேசவில்லை. உனக்காக என்று என்னிடம் சொல்லாமல் நாற்காலி வாங்கியிருக்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஒரு பயங்கரமான கிழவியாக்கிவிட்டீர்கள்.

உன் கடிதத்தைப் படித்தேன். அழுதேன். பொய் சொல்ல மாட்டேன், கோபப்பட்டும் அழுதேன், வெட்கப்பட்டும் அழுதேன். அந்த இடத்தில் உட்கார எனக்குப் பிடித்திருந்தது. உன் அப்பா போன பிறகு இந்த ஊரில் யாரும் எனக்காக நகர்ந்து உட்கார்ந்ததில்லை. அதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்? ஆனால் நோனாய் வீட்டில் தங்குகிறேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்ததும் வெட்கமெல்லாம் போய்விட்டது. என் பிள்ளைக்கு என் வீட்டுக்கு வரப் பயமா? அப்படி என்ன அம்மா நான்?

நாலு நாள் யோசித்தேன். நீ வந்து இறங்கினால் இந்த ஊர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். மீன் கடையில் ஒன்று பேசும், கோயில் வாசலில் ஒன்று பேசும். விரட்டிவிட்டார்கள் என்பார்கள், யாரோ ஒருத்தன் இருக்கிறான் என்பார்கள். அதனால் நேற்று முன்தினம் ஞாயிறு பூசை முடிந்து, ஃபாதர் அறிவிப்புகளை வாசித்து, வேறு ஏதாவது உண்டா என்று கேட்டபோது நான் எழுந்து போனேன். முழங்கால் வலித்தது. மைக்கை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். உன் அக்கா நாலாவது வரிசையில் இருந்தாள், முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது.

சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"என் சின்ன மக ஜெனிலு மடத்துலருந்து வீட்டுக்கு வரா. அவளை யாரும் அனுப்பல. அவளா யோசிச்சு, பெரியவங்ககிட்டச் சொல்லிட்டு, நேர் வழியா வரா. ஆறு வருஷம் உங்க எல்லாருக்காகவும் வேண்டிக்கிட்டா, அது வீணாப் போகல. கப்பலுக்குத் துணி எடுத்து வெச்சவங்க அதை வேற யார் கல்யாணத்துக்காவது கட்டிக்குங்க. யாருக்காவது எதாவது கேக்கணும்னா இப்ப என்னைக் கேளுங்க. அவ வந்தப்புறம் கேக்க விடமாட்டேன்."

 உன் பெரியம்மா விசிறியை நிறுத்திவிட்டாள். ஃபாதர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காத்திருந்தேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். நல்லவேளை, என்னைப் பார்த்துப் பயப்பட இந்த ஊரில் இன்னும் ஆள் இருக்கிறது.

கடைசியில் பாடகர் குழுவிலிருந்து அந்த மெலித்தா கையைத் தூக்கினாள். அவளுக்கு நாக்கு நீளம் என்று உனக்குத் தெரியும். நான் மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன் லூர்தெஸ்," என்றாள். "அவ உச்சக் குரல் பாடுவாளே, இப்பவும் பாடறாளா? எங்களுக்கு அந்த இடத்துக்கு ரெண்டு வருஷமா ஆளே இல்ல."

  ஒலிபெருக்கியில் என் மூச்சு மட்டும் கோயில் முழுக்கக் கேட்டது. பிறகு சொன்னேன்:

"அதை அவதான் சொல்லணும். முதல்ல வந்து சாப்பிடட்டும்."

அம்மா,
லூர்தெஸ்